உப்பைத் தாங்கும் விதை: குழியடிச்சான் முதல் அலையாத்தி வரை



கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "டீச்சர், இங்கே அக்ரூட் மரத்துக்கு உப்பைத் தாங்குற குணத்தை மரபணு மூலமா ஏத்தப் பாக்குறாங்க. அப்படி ஒண்ணு வந்தா நம்ம பாளையம்பட்டி, திருச்சுழிப் பக்கம் உப்புத்தண்ணிக் கிணத்துக்காரங்களுக்கும் உதவுமா?" நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதில் பாதி நம் தமிழ்நாட்டில் நடந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் மண்ணைப் பற்றி. அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மழை பெய்தால் கண்மாய் நிறையும், பெய்யாவிட்டால் கிணறுதான். அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். ஒரு கிணறு இனிக்கும், நாலு வயல் தள்ளி இன்னொன்று கரிக்கும். ஆழ்துளைக் கிணறு வந்தபிறகு ஆழம் போகப் போகக் கரிப்பு கூடிய இடங்களும் உண்டு. நம் பெரியவர்கள் இந்த மண்ணை இரண்டு பெயரால் பிரித்தார்கள். உவர், களர். வெயில் காலத்தில் மேலே வெள்ளையாகப் பூத்து நிற்பது உவர். அந்த உவர்மண்ணை அள்ளிப்போய்த்தான் அந்தக் காலத்தில் துணி வெளுத்தார்கள். களர் வேறு வகை. அதில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். தண்ணீர் கீழே இறங்காது, காய்ந்தால் கல்லாகிவிடும். அதற்கு ஜிப்சம் போட வேண்டும். உவருக்கு நல்ல தண்ணீர் கட்டி உப்பைக் கழுவி வடிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை இன்றைய வேளாண் புத்தகங்களும் இதே பெயர்களால்தான் சொல்கின்றன. கல்லாதவரை எதற்கு ஒப்பிடுவது என்று யோசித்த வள்ளுவருக்கே களர் நிலம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

உப்பு செடியை எப்படிக் கெடுக்கிறது? ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் சிறிது நேரத்தில் தண்ணீர் விடுகிறதல்லவா? அதே கதைதான். வேரைச் சுற்றி உப்பு அதிகமானால், ஈரம் இருந்தும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. இது முதல் அடி. இரண்டாவது அடி மெதுவாக வரும். தண்ணீரோடு சேர்ந்து சோடியம் மேலே ஏறி இலையில் தங்கும். செடிக்கு வேண்டியது பொட்டாசியம். அதன் இடத்தில் சோடியம் உட்கார்ந்தால் இலையின் வேலை கெடும். நுனி கருகும், மணி பதராகும்.

ஆனால் எல்லாச் செடியும் இதற்குத் தோற்றுப்போவதில்லை. சில செடிகள் சோடியத்தை வேரிலேயே நிறுத்திவிடும். சில, இலையின் செல்லுக்குள் ஒரு பை போன்ற அறையில் அதைப் பூட்டி வைக்கும். இன்னும் சில இலை வழியாக வெளியே துப்பிவிடும். இந்த மூன்று தந்திரங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவது முழுக்க, இந்தத் தந்திரங்களை மனிதன் எப்படிக் கண்டுகொண்டான் என்ற கதைதான்.

முதலில் கண்டுகொண்டவர்கள் விவசாயிகள். ராமநாதபுரம், நாகப்பட்டினம் கரையோரத்தில் குழியடிச்சான் என்று ஒரு நெல் உண்டு. உவரையும் வறட்சியையும் சேர்த்துத் தாங்கும். களர்பாலை என்ற நெல்லுக்குப் பெயரிலேயே நிலம் இருக்கிறது. வேதாரண்யம் பக்கத்துக் குடைவாழையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கேரளத்தில் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர்க் கடலோரங்களில் பொக்காளி விளைகிறது. அங்கே மழைக்காலத்தில் மழைநீர் வயலின் உப்பைக் கழுவும்போது மண்ணை மேடு மேடாகக் குவித்து விதைப்பார்கள். அறுவடைக்குப் பிறகு கடல் தண்ணீர் உள்ளே வரும். அதே வயலில் இறால் வளர்ப்பார்கள். நெல்லின் தாள் இறாலுக்கு இரை, இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். இப்படி எத்தனையோ தலைமுறை நடந்திருக்கிறது. உப்பில் பிழைத்த கதிரை எடுத்து மறுவருஷம் விதைத்தார்கள். அதில் பிழைத்ததை மறுபடி விதைத்தார்கள். மரபணு என்ற சொல் பிறக்கும் முன்பே நடந்த மரபணுத் தேர்வு அது.

இந்த விதைகளின் அருமை 2004 டிசம்பர் 26ஆம் தேதிக்குப் பிறகு பலருக்குத் தெரிந்தது. சுனாமியில் நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடல்நீர் புகுந்தது. உப்பேறிய வயலில் என்ன விதைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, உவர் தாங்கும் பாரம்பரிய நெல் ரகங்களைத் தேட வேண்டியிருந்தது. அதற்குள் பல ஊர்களில் அவை கைவிட்டுப் போயிருந்தன. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமனை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் காத்தது பழமையை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஏன் என்று மேலே படிக்கும்போது தெரியும்.

அடுத்த கட்டம் அரசு ஆராய்ச்சி நிலையங்கள். நம் கரிசல் சீமைக்கு இது புதிதல்ல. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இலேயே தொடங்கியது. உப்பு நிலத்துக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் 1969இல் ஹரியானாவின் கர்னாலில் வந்தது. மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனம். அங்கிருந்து 1989இல் சி.எஸ்.ஆர். 10 என்ற நெல் வந்தது. பிறகு சி.எஸ்.ஆர். 30 என்ற பெயரில் உப்புத் தாங்கும் பாஸ்மதியே வந்தது.

தமிழ்நாட்டில், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த கோ 43 நெல் 1982இல் கோவையிலிருந்து வந்தது. அதன் தாய் தந்தையர் யார் தெரியுமா? ஒன்று ஐ.ஆர். 20. இன்னொன்று தசால் என்ற உவர் தாங்கும் பழைய ரகம். கோ 43 களர் உவர் நிலத்தில் தாக்குப்பிடித்ததற்கு அந்தப் பழைய ரத்தம்தான் காரணம். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரியின் பண்ணை நிலமே களர் நிலம். அந்த மண்ணிலேயே விதைத்து, அதில் தேறியதைத் தேர்ந்தெடுத்து திருச்சி 1, திருச்சி 2, திருச்சி 3 என்று ரகங்கள் வெளியிட்டார்கள். பரீட்சை கடினமாக இருந்தால்தான் தேறியவன் யார் என்று தெரியும். ஆசிரியர்களுக்கு இது நன்றாகப் புரியும்!

ஆனால் இந்த ஒட்டுக்கட்டும் முறையில் ஒரு சங்கடம் உண்டு. பொக்காளி நெட்டையாக வளர்ந்து சாயும், மகசூல் குறைவு. அதை நல்ல மகசூல் ரகத்தோடு சேர்த்தால் உப்புத் தாங்கும் குணத்தோடு நெட்டைக் குணமும் சேர்ந்தே வரும். வேண்டாததைக் கழிக்க மறுபடி மறுபடி ஒட்டுக்கட்ட வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஆயிரக்கணக்கான நாற்றுகளை உப்பில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ரகம் வெளிவரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிடும்.

இங்கேதான் மரபணு அறிவு உதவிக்கு வந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பொக்காளியை ஐ.ஆர். 29 என்ற ரகத்தோடு சேர்த்தார்கள். அந்த வாரிசுகளை ஆராய்ந்தபோது, உப்புத் தாங்கும் குணத்தின் பெரும்பங்கு முதலாவது குரோமோசோமின் ஒரு சிறு பகுதியில் இருப்பது 1990களின் பிற்பகுதியில் தெரியவந்தது. அந்தப் பகுதிக்கு 'சால்டால்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய நகரத்தில் ஒரு வீட்டைத் தேடுகிறவனுக்குத் தெருப்பெயர் கிடைத்த மாதிரி.

வீட்டு எண் 2005இல் கிடைத்தது. சீன ஆய்வாளர்கள் நோனா பொக்ரா என்ற வங்காள நெல்லில், அதே முதலாவது குரோமோசோமிலிருந்து ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அது செய்யும் வேலை அழகானது. வேரிலிருந்து தண்டுக்குத் தண்ணீர் ஏறும் குழாயின் ஓரத்தில் வாயிற்காவலர் மாதிரி நிற்கும். தண்ணீரோடு ஏறும் சோடியத்தைப் பிடித்துத் திருப்பி இழுத்துக்கொள்ளும். இலைக்குப் போக விடாது. மேலே சொன்ன முதல் தந்திரம் இதுதான்.

முகவரி தெரிந்துவிட்டால் ஒவ்வொரு நாற்றையும் உப்பில் வாட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இலையைக் கிள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்தே அந்தப் பகுதி இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். இது ஒட்டுக்கட்டும் முறைதான். வெளியிலிருந்து எந்த மரபணுவும் புகுத்தப்படுவதில்லை. தேர்வு மட்டும் வேகமாகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இம்ப்ரூவ்டு ஒயிட் பொன்னியில் இந்த சால்டாலை ஏற்றும் ஆய்வு நடந்திருக்கிறது. கேரளத்து உப்பளத் தண்ணீரில் நின்ற நெல்லின் குணம், மணிலா வரை போய் நம் பொன்னிக்கு வந்திருக்கிறது.

இதே காலத்தில் சென்னையில் வேறொரு பாதையில் முயற்சி நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் 1988இல் சென்னையில் தம் பெயரிலான ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். கடல் மட்டம் உயர்ந்தால் கரையோர வயல்கள் உப்பாகும் என்று அவர் முன்கூட்டியே யோசித்தார். உப்பில் வாழத் தெரிந்த மரத்திடம் போய்க் கேட்போம் என்று முடிவு செய்தார். பிச்சாவரம் போயிருப்பீர்கள். அங்கே படகில் போகும்போது கால்போல வேர் ஊன்றி நிற்பது சுரபுன்னை. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர் நீட்டி நிற்பது அலையாத்தி. அலையாத்தி இலையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். உப்பை இலை வழியாகத் துப்பும் மூன்றாவது தந்திரம் அது.

அந்த நிறுவனத்தில் அஜய் பரிடா தலைமையிலான குழு அலையாத்தியின் மரபணுக்களை ஆராய்ந்தது. உப்பு தாக்கும்போது செல்லுக்குள் நச்சுத்தன்மை கொண்ட ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் உண்டாகும். அவற்றை அடக்கும் ஒரு நொதி அலையாத்தியிடம் இருக்கிறது. அந்த நொதிக்கான மரபணுவை பூசா பாஸ்மதி 1 நெல்லில் ஏற்றி, அது உப்பைக் கூடுதலாகத் தாங்குவதை 2008இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மரத்தின் மரபணு நெல்லுக்குள் போனது இப்படித்தான். பரிடாவுக்கு 2014இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022இல் காலமானார். அடுத்த வருஷம் சுவாமிநாதனும் மறைந்தார். அந்த நெல் விவசாயி கைக்கு வரவில்லை. வேற்று மரபணு ஏற்றிய பயிர்களில் நம் நாட்டில் வணிகச் சாகுபடியில் இருப்பது 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி மட்டும்தான். இதில் பாதுகாப்பு பற்றிய கேள்விகளும், விதை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இருக்கின்றன. இரண்டுமே நியாயமான கேள்விகள்.

அதே குழு நம்மூர்ப் பக்கம் இருந்தும் ஒரு மரத்தை எடுத்து ஆராய்ந்தது தெரியுமா? நாம் திட்டித் தீர்க்கும் சீமைக்கருவேலம்தான் அது! எந்த உவரிலும் எந்த வறட்சியிலும் பச்சையாக நிற்கும் அந்த மரத்தின் ஒரு மரபணுவைப் புகையிலைச் செடியில் ஏற்றியபோது வறட்சி தாங்கும் சக்தி கூடியது என்று 2010இல் வெளியிட்டார்கள். திருச்சுழி, கமுதிப் பக்கம் கரிமூட்டம் போட்டு எத்தனையோ குடும்பம் பிழைத்த மரம். கண்மாயையும் தரிசையும் விழுங்கிய மரமும் அதுதான். 2017இல் உயர்நீதிமன்றம் வரை போய் அதை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கண்மாய்க்குள் அது வேண்டாம் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அது நம் மண்ணில் எப்படிப் பிழைக்கிறது என்ற பாடத்தை வெட்டுவதற்கு முன் படித்துவிட வேண்டும்.

இப்போது அக்ரூட்டுக்கு வருகிறேன். நெல்லுக்கு நாலு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். மரத்துக்கு ஒரு தலைமுறை என்பது பல வருஷம். அதனால் ஒட்டுக்கட்டித் தேர்ந்தெடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அக்ரூட் உப்புக்கு மிகவும் பயப்படும் மரமும்கூட. ஆனால் மரத்தில் ஒரு வசதி உண்டு. உப்பைச் சந்திப்பது வேர். வேர் ஒரு மரமாகவும் மேல்பகுதி இன்னொரு மரமாகவும் ஒட்டுக்கட்டலாம். பாலை மர வேர்க்கன்றின்மேல் சப்போட்டாவை ஒட்டுவது நம் நர்சரிக்காரர்களுக்குத் தெரிந்த வேலை. கலிபோர்னியாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லூதர் பர்பாங்க் என்பவர் கறுப்பு அக்ரூட்டையும் பாரசீக அக்ரூட்டையும் சேர்த்து 'பாரடாக்ஸ்' என்ற கலப்பு மரத்தை உண்டாக்கினார். அங்குள்ள தோட்டங்களில் அக்ரூட்டுக்கு அந்த வகைதான் பரவலாக வேராக இருக்கிறது.

டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1988இலேயே அக்ரூட்டில் வேற்று மரபணு ஏற்றிக் காட்டினார்கள். 2016இல் அக்ரூட்டின் மொத்த மரபணுத் தொகுதியும் வெளியானது. அதே வருஷம், நீலப்பச்சைப் பாசியின் ஒரு மரபணுவைப் பாரசீக அக்ரூட்டில் ஏற்றி, தாங்கும் சக்தி கூடுகிறதா என்று ஆய்வுக்கூட அளவில் சோதித்த முடிவும் வந்தது. தக்காளியில் இதைவிட முன்பே ஒரு வேலை நடந்தது. எட்வர்டோ புளூம்வால்ட் குழு 2001இல் இரண்டாவது தந்திரத்தை, அதாவது சோடியத்தைப் பையில் பூட்டும் வேலையை, ஒரு மரபணுவால் தூண்டிவிட்டது. கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு அளவு உப்பிலும் அந்தத் தக்காளி காய்த்தது. உப்பு இலையில் தங்கியது, பழத்துக்குப் போகவில்லை. ஆனால் இவை எல்லாமே பெரும்பாலும் கண்ணாடிக் கூண்டுக்குள் கிடைத்த வெற்றிகள். தோட்டத்து மண்ணில் உப்பு மட்டும் தனியாக வருவதில்லை. வெக்கை, வறட்சி, களிமண் இறுக்கம் எல்லாம் சேர்ந்தே வரும்.

அதனால் அந்த மாணவருக்கு என் பதில் இது: அக்ரூட் குளிர்ப்பிரதேச மரம், நம் வெக்கைக்கு வராது. நமக்கு உப்பும் வறட்சியும் ஓரளவு தாங்கும் இலந்தையும் நெல்லியும் சப்போட்டாவும் இருக்கின்றன. கோவிலாங்குளத்தில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டால், மானாவாரிப் பழமரங்களைப் பற்றி அவர்களே சொல்வார்கள். அக்ரூட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பழத்தை அல்ல, வேரைத் தேர்ந்தெடுக்கும் யோசனையை.

கடைசியாக ஒரு புதுச் செய்தி. 2025 மே 4ஆம் தேதி டெல்லியில் மத்திய வேளாண் அமைச்சர் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். அதில் ஒன்று பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. இதில் வெளியிலிருந்து மரபணு ஏற்றவில்லை. நெல்லிடம் ஏற்கெனவே இருந்த ஒரு மரபணுவின் எழுத்தைத் திருத்தினார்கள். அந்த மரபணு, வறட்சியையும் உப்பையும் தாங்கும் சக்தியை அடக்கி வைக்கும் வேலையைச் செய்வது என்று 2009இல் சீன ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். கடிவாளத்தைத் தளர்த்தியது போல. அறிவிப்பு வந்தபிறகு, வயல் சோதனைத் தரவுகள் போதுமா என்று விமர்சனமும் எழுந்தது. சில வருஷம் விளைந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இந்த நீண்ட கதையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கோ 43க்குப் பின்னால் தசால். சால்டாலுக்குப் பின்னால் பொக்காளி. சீனர் கண்ட மரபணுவுக்குப் பின்னால் நோனா பொக்ரா. சென்னை ஆய்வுக்குப் பின்னால் அலையாத்தியும் சீமைக்கருவேலமும். இதுவரை எந்த ஆய்வுக்கூடமும் உப்புத் தாங்கும் குணத்தை வெறுங்கையிலிருந்து உண்டாக்கவில்லை. யாரோ ஒரு விவசாயி கைவிடாமல் வைத்திருந்த விதையில், அல்லது யாரும் வெட்டாமல் விட்ட கரையோர மரத்தில் அது ஏற்கெனவே இருந்தது. விஞ்ஞானிகள் அதைப் படித்தார்கள், எடுத்துச் சேர்த்தார்கள். அது பெரிய வேலைதான். ஆனால் படிக்கப் புத்தகம் இல்லாவிட்டால் எந்தக் கெட்டிக்காரனும் என்ன செய்வான்?

நம் பக்கம் வருஷா வருஷம் தரிசு கூடுகிறது. பிள்ளைகள் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டீர்கள். குற்றமில்லை, பிழைப்பு அப்படி. ஆனால் ஒரு வயல் நாலு வருஷம் தரிசு கிடந்தால் அந்த வீட்டு விதையும் செத்துவிடும். நெல் விதைக்கு நம் வெக்கையில் ஆயுசு குறைவு. விதைத்து அறுத்தால்தான் அது உயிரோடு இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்புத் தாங்கும் பயிர் மண்ணில் உள்ள உப்பைக் குறைத்துவிடாது. அதோடு வாழப் பழகும், அவ்வளவுதான். உப்புத்தண்ணீரையே பாய்ச்சிக்கொண்டு போனால் மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் பொக்காளியும் தோற்கும். உப்பைக் கழுவ மழைத்தண்ணீர்தான் வேண்டும். அது கண்மாயிலும் ஊருணியிலும் தேங்க வேண்டும். விதையும் கண்மாயும் இரண்டு மாடு மாதிரி. ஒன்றைப் பூட்டி ஏர் ஓட்ட முடியாது.

ஆகவே ஊரில் நிலம் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு மூன்று வேண்டுகோள். கிணற்றுத் தண்ணீரையும் மண்ணையும் ஒருமுறை வேளாண் துறை ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். உவரா, களரா என்று தெரியாமல் ஜிப்சத்துக்குச் செலவழிக்காதீர்கள். உங்கள் வீட்டிலோ, அம்மாச்சி ஊரிலோ, மாமியார் ஊரிலோ யாராவது பழைய நெல், பழைய சிறுதானியம், உவர் நிலத்தில் காய்க்கும் பழைய இலந்தை மரம் என்று எதையாவது இன்னும் வைத்திருந்தால், அதன் பெயரையும் ஊரையும் எந்த மண்ணில் விளைகிறது என்பதையும் கேட்டுக் கீழே எழுதுங்கள். முடிந்தால் ஒரு படி விதை வாங்கி, ஒரு சென்ட் நிலத்திலாவது போட்டு வையுங்கள்.

நீங்கள் எழுதுவதையெல்லாம் ஒரு நோட்டில் பதிந்து வைக்கிறேன். வட்டாரப் பாடமாக நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருநாள் அதைக் கொடுக்கலாம்.

எல்லோரும் நலமாக இருங்கள். இந்த ஐப்பசியில் நல்ல மழை பெய்யட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்